இயங்குநிலை அணி

இயங்குநிலை அணி என்பது நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் அளவைக் கூட்டவும் குறைக்கவும் இடம்தரும் தரவுக் கட்டமைப்பு. அணியின் உறுப்புகள் நினைவகத்தில் அடுத்தடுத்து அமைவதால் எதையும் சுட்டெண் கொண்டு உடனே எடுக்கலாம். ஆனால் ஒட்டிய இடம் வேறொரு தரவுக்குப் போயிருந்தால் அணியை அங்கேயே நீட்ட முடியாது. பெரிய இடம் பிடித்து எல்லா உறுப்புகளையும் படியெடுக்க வேண்டும்.

தொடக்கம்

1957-இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரானில் அணியின் அளவை நிரலிலேயே எண்ணாக எழுத வேண்டியிருந்தது. தரவு அதைத் தாண்டினால் நிரலைத் திருத்தி மீண்டும் தொகுப்பதே வழி. அல்கால் 60 நிரல் ஓடும்போது அளவைக் கணக்கிட்டது, ஒதுக்கியபின் மாற்றவிடவில்லை. அல்கால் 68 எல்லை மாறும் அணிகளை ‘ஃபிளெக்ஸ்’ என்ற சொல்லால் அறிமுகம் செய்தது. சி மொழியில் ‘ரீஅலாக்’ இடத்தை நீட்டித்தரும், அல்லது வேறிடத்துக்கு மாற்றித்தரும்; எப்போது, எவ்வளவு என்பதை நிரலரே முடிவுசெய்ய வேண்டும். நிரல் ஓடும்போது அணிக்கு இடம் ஒதுக்கும் வசதி ஃபோர்ட்ரானுக்கு ஃபோர்ட்ரான் 90 தரத்தில்தான் வந்தது.

வளர்ச்சி விகிதம்

இக்கட்டமைப்பின் உயிர்நாடி எவ்வளவு வளர்ப்பது என்ற முடிவே. ஒவ்வோர் உறுப்பு வரும்போதும் ஓர் இடம் மட்டும் கூட்டி முழு அணியையும் படியெடுத்தால், 1,000 உறுப்புகளைச் சேர்க்க 4,99,500 படியெடுப்புகள் தேவை. ஓர் இடத்தில் தொடங்கி, நிரம்பும்போதெல்லாம் கொள்ளளவை இரட்டித்தால் 1,023 போதும். சில சேர்ப்புகளுக்கு நேரம் கூடினாலும், சராசரிச் செலவு அணியின் அளவைச் சாராமல் நிலையாக நிற்கிறது. பெருஞ்செலவை எல்லாச் சேர்ப்புகளுக்கும் பகிர்ந்து பார்க்கும் இத்தகைய பங்கீட்டுக் கணக்கை ராபர்ட் டார்ஜான் 1985-இல் முறைப்படுத்தினார்.

மொழிகளில் இன்று

அலெக்சாண்டர் ஸ்டெபனோவும் மெங் லீயும் உருவாக்கிய நூலகத்தின் ‘வெக்டர்’ என்ற இயங்குநிலை அணி 1998-இல் சி++ தரத்தில் இடம்பெற்றது. அத்தரம் விகிதத்தைக் குறிப்பிடவில்லை. ஜிசிசி தொகுப்பியின் நூலகம் இரட்டிக்கிறது, மைக்ரோசாஃப்ட் நூலகம் ஒன்றரை மடங்காக்குகிறது. ஜாவாவின் ‘அரேலிஸ்ட்’டும் ஒன்றரை மடங்கே. பைத்தானின் லிஸ்ட் சுமார் எட்டில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடிக்கிறது. விகிதம் பெரிதானால் நினைவகம் வீணாகும்; சிறிதானால் படியெடுப்பு பெருகும்.

கவனிக்க வேண்டியவை

சி, சி++ மொழிகளில் அணி இடம் மாறியதும் பழைய முகவரியைக் காட்டும் சுட்டிகள் செல்லாதவை ஆகிவிடும். அவற்றைப் பயன்படுத்தினால் நிரல் முறிந்து நிற்கலாம், தவறான விடையும் தரலாம். எத்தனை உறுப்புகள் வரும் என்பது முன்பே தெரிந்தால், ‘வெக்டரின்’ ‘ரிசர்வ்’ செயற்கூறால் அந்த இடத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுவது நல்லது.