பன்னிரண்டு மூடிகள்

புகைப்படக்கலையில் ஈடுபாடுள்ளவர்கள் கூடும் இடங்களில் தீராத வழக்கு ஒன்று உண்டு. லென்ஸின் முகப்பில் ஒரு காப்புக் கண்ணாடியைத் திருகி வைக்க வேண்டுமா, கூடாதா என்பதே அது. வேண்டும் என்கிற கட்சி, பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய லென்ஸில் கீறல் விழுந்தால் என்ன செய்வது என்று கேட்கும். கூடாது என்கிற கட்சி இயற்பியலைத் துணைக்கு அழைக்கும். பூச்சு பூசப்படாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது; காப்புக் கண்ணாடி என்பது ஒளியின் வழியில் புதிதாக வைக்கப்படும் இரண்டு பரப்புகள்; இரவில் தெருவிளக்கைப் படமெடுத்தால் விளக்குக்கு ஒரு போலி பிம்பம் தோன்றும் என்று அவர்கள் சொல்வதெல்லாம் உண்மை. லென்ஸின் முகப்பில் படிந்த தூசி குவியத்திற்கு வெகு அப்பால் இருப்பதால், நாம் அஞ்சுகிற அளவுக்குப் படத்தைக் கெடுப்பதில்லை என்பதும் உண்மை. கைபேசித் திரைகளின்மேல் ஒட்டும் கண்ணாடித் தாளைப் பற்றியும் இதே வழக்கு இதே சூட்டோடு நடக்கிறது.

இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லும் உத்தேசம் நமக்கில்லை. விரலால் திருகி எடுத்துவிடக்கூடிய ஒரு பொருளைப் பற்றிய விவாதம் எத்தனை சூடானாலும் யாருக்கும் நஷ்டமில்லை. வேண்டாமென்றால் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம். விரல் எட்டாத இடத்தில் மூடி இருந்தால் என்ன ஆகும் என்பதே நம் ஆர்வத்தைத் தூண்டுகிற கேள்வி. அதற்கென்று ஒரு வரலாறு இருக்கிறது. அதன் முக்கியமான பகுதி, பூமியில் அல்ல, வெள்ளி கிரகத்தின் தரையில் நிகழ்ந்தது.

அங்கே போவதற்கு முன் ஒரு சிறு தகவல். டாகேரின் முறை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட பிறகு பல பத்தாண்டுகள் வரை பெரும்பாலான கேமராக்களில் ஷட்டர் என்று தனியே ஒன்று இருந்ததில்லை. தகடுகள் மிக மந்தமானவை. படமெடுப்பவர் லென்ஸின் மூடியைக் கையால் கழற்றுவார், மனத்துக்குள் எண்ணுவார், மீண்டும் மூடுவார். ஆக, ஆரம்பத்தில் மூடி என்பது வெறும் காவல் அல்ல. அதைக் கழற்றுவதுதான் படமெடுக்கும் செயலே. பின்னாளில் ஷட்டர் வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டது, மூடிக்குக் காவல் மட்டும் மிஞ்சியது. விண்வெளிக்குச் சென்றபோது அதன் பழைய பொறுப்பு மீண்டும் அதன் தலையில் ஏறியது என்று சொல்லலாம்.

வேற்று மண்ணில் தூசி எத்தனை பொல்லாதது என்பதை நிலவு முன்பே காட்டியிருந்தது. 1967 ஏப்ரலில் இறங்கிய அமெரிக்காவின் சர்வேயர் 3 கலத்தின் இயந்திரங்கள் உரிய நேரத்தில் அணையாததால், அது தரையைத் தொட்டு எழும்பி, மறுபடியும் தொட்டு எழும்பி, பிறகே நின்றது. கேமராவின் கண்ணாடியில் தூசி படிந்து பல படங்கள் மங்கலாகவும் கூச்சத்தோடும் வந்தன. 1969 நவம்பரில் அப்பல்லோ 12இல் சென்ற கான்ராடும் பீனும் அந்தக் கேமராவை வெட்டியெடுத்துப் பூமிக்கே கொண்டுவந்துவிட்டார்கள். பழுதான கருவியிடம் மனிதன் நேரில் நடந்து போன கதை அது. வெள்ளியில் அந்தச் சலுகை எவருக்கும் கிடையாது.

வெள்ளியின் தரை நிலைமையை வாசகர்கள் ஒருகணம் கற்பனை செய்துகொள்ள வேண்டும். காரீயம் உருகும் வெப்பத்தையும் தாண்டிய சூடு. நம் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 90 மடங்கு அழுத்தம். மேலே கந்தக அமிலத் துளிகளாலான மேகங்கள். 1970 டிசம்பரில் சோவியத் ஒன்றியத்தின் வெனரா 7 அங்கே இறங்கி 23 நிமிடங்கள் சமிக்ஞை அனுப்பியது. வேறொரு கோளின் தரையிலிருந்து பூமிக்கு வந்த முதல் செய்தி அதுவே. அடுத்து 1972 ஜூலையில் வெனரா 8 ஓர் ஒளிமானியை எடுத்துச் சென்றது. அத்தனை அடர்ந்த மேகத்தின் கீழே, தரையில் வெளிச்சம் உண்டா, படமெடுக்க இயலுமா என்பதே கேள்வி. இயலும் என்று பதில் வந்தது. ஆயினும் மூன்றாண்டுகள் கழித்துப் புறப்பட்ட கலங்களில் எதற்கும் இருக்கட்டும் என்று விளக்குகளையும் பொருத்தி அனுப்பினார்கள். (அவை தேவைப்படவில்லை.)

அந்தக் கேமராக்களின் அமைப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். இறங்குகலத்தின் மையம் தடித்த சுவருடைய ஒரு கோளம். வளிமண்டலத்தில் நுழைவதற்கு முன்பே அதன் உட்புறம் உறைநிலைக்குக் கீழே குளிர்விக்கப்படும். பிறகு அது மெல்ல மெல்லச் சூடேறி, கருவிகள் செயலிழக்கும்வரை கிடைக்கும் அவகாசமே ஆய்வின் ஆயுள். கேமரா அந்தக் கோளத்தின் உள்ளே பத்திரமாக இருந்தது. ஒரு குவார்ட்ஸ் சாளரத்தின் வழியே, அசையும் கண்ணாடி ஒன்றின் உதவியால், வெளியே உள்ள காட்சியைக் கோடு கோடாக வருடி வானொலி அலையாக அது அனுப்பும். ஒரே நொடியில் பிடிக்கப்படும் படமல்ல. பல நிமிடங்கள் பொறுமையாகத் தடவிப் பார்த்து எழுதப்படும் படம். கலத்தின் இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு கேமராக்கள். ஒவ்வொன்றும் 180 பாகை பார்க்கும். இரண்டையும் சேர்த்தால் கலத்தைச் சுற்றி முழு வட்டம்.

சாளரங்களின்மேல் மூடிகள் இருந்தன. ஏறத்தாழ நான்கு மாதப் பயணத்தையும் அமில மேகங்களின் ஊடான இறக்கத்தையும் தாங்கி, தரையைத் தொட்டபின் அவை தெறித்து விழ வேண்டும். அவ்வளவுதான் அவற்றின் கடமை.

1975 அக்டோபர் 22 அன்று வெனரா 9 இறங்கியது. ஒரு மூடி கழன்றது, மற்றொன்று கழலவில்லை. கழன்ற சாளரத்தின் வழியாக, பூமியையும் நிலவையும் தவிர்த்த ஓர் உலகத்தின் தரையை மனிதன் முதன்முறையாகக் கண்டான். கருப்பு வெள்ளையில், சற்றே வளைந்து தெரியும் அந்தப் படத்தில், கூரிய விளிம்புகளுடன் கற்கள் சிதறிக் கிடக்கின்றன. அரித்து மழுங்கிய நிலத்தை எதிர்பார்த்திருந்தவர்களுக்கு அது வியப்பாக இருந்தது. 53 நிமிடங்கள் செய்தி வந்தது. மூன்று நாட்களுக்குப் பின் அக்டோபர் 25 அன்று வெனரா 10 வேறோர் இடத்தில் இறங்கி 65 நிமிடங்கள் பேசியது. அதிலும் ஒரு மூடி கழன்றது, மற்றொன்று கழலவில்லை. இரண்டு இடங்களிலும் நமக்குக் கிடைத்தவை பாதி அடிவானங்கள். கலத்தின் முதுகுக்குப் பின்னால் இருந்தது என்ன என்று எவருக்கும் தெரியாது.

உலகமே கொண்டாடிய வெற்றி அது, சந்தேகமில்லை. வெற்றியின் ஆரவாரத்தில் பாதி தோல்வி எத்தனை எளிதாக மறைந்துபோகிறது என்பதை இங்கே கவனிக்கத் தோன்றுகிறது. இரண்டு கலங்களிலும் ஒரே விதமான பழுது என்றால் அதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

1978 செப்டம்பரில் அடுத்த இணை புறப்பட்டது. இம்முறை வண்ணப்படம் எடுக்கும் கேமராக்கள். வெனரா 12 முந்திக்கொண்டு டிசம்பர் 21 அன்று இறங்கியது. ஒரு மூடியும் கழலவில்லை. கலம் நலமாக இருந்தது. 110 நிமிடங்கள், முன்னவற்றைவிட வெகு நேரம், தரையிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தது. இறங்கும் வழியில் வாயுக்களைப் பகுத்தறிந்த கருவியும், மின்னலைத் தேடிச் சென்ற கருவியும் மதிப்பு மிக்க தகவல்களைத் தந்தன. கண்கள் மட்டும் திறக்கவில்லை. நான்கு நாட்கள் கழித்து, டிசம்பர் 25 அன்று, வெனரா 11 இறங்கியது. 95 நிமிடங்கள் பேசியது. அதிலும் ஒரு மூடியும் கழலவில்லை.

அந்த நான்கு நாட்களைப் பற்றி நாம் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. முதல் கலம் குருடாகிவிட்டது தெரிந்துவிட்டது. அதே மூடிகளுடன் இரண்டாவது கலம் வெள்ளியை நெருங்கிக்கொண்டிருக்கிறது. பல கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஒரு மூடியைத் தளர்த்த எந்தக் கட்டளையும் உதவாது. மருத்துவமனை வராந்தாவில் காத்திருப்பவர்களுக்காவது ஏதேனும் ஒரு நம்பிக்கை மிஞ்சும்.

இந்தப் பொறியாளர்களைக் கேலி செய்வது சுலபம். உலகின் மிகக் கொடிய அடுப்புக்குள் ஒரு கேமராவை உயிரோடு இறக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு மூடியைக் கழற்றத் தெரியவில்லையே என்று எழுதியவர்கள் உண்டு. அது நியாயமில்லை என்பது நம் கருத்து. ஒரு மூடியிடம் நாம் கேட்பவை ஒன்றுக்கொன்று முரணானவை. தொண்ணூறு மடங்கு அழுத்தம் அமுக்கினாலும் இம்மியும் அசையாதே என்கிறோம். தரையைத் தொட்ட அடுத்த கணமே முழுவதுமாக விட்டுவிடு என்கிறோம். முதல் கட்டளையை எத்தனை விசுவாசமாக நிறைவேற்றுகிறதோ, அத்தனைக்கு இரண்டாவதை மீறும் வாய்ப்பு கூடுகிறது. 1978இல் மூடிகள் கடமை தவறவில்லை என்றுகூடச் சொல்லலாம். காத்தன, கடைசிவரை காத்துக்கொண்டே இருந்தன.

மூடிகளைத் திருத்தியமைத்து 1981 இறுதியில் மேலும் இரண்டு கலங்களை அனுப்பினார்கள். 1982 மார்ச் 1 அன்று வெனரா 13 இறங்கியது. இரண்டு மூடிகளும் தெறித்து விழுந்தன. 32 நிமிடங்கள் தாக்குப்பிடித்தால் போதும் என்று வடிவமைக்கப்பட்ட கலம் 127 நிமிடங்கள் உயிரோடிருந்து, ஆரஞ்சு நிற வானொளியில் தட்டையான பாறைப் பரப்பை வண்ணத்தில் காட்டியது. படத்தின் முன்புறத்தில், கலத்தின் காலடியில், அரைவட்ட வடிவில் ஒரு பொருள் கிடப்பதைக் காணலாம். அதுதான் மூடி. வெள்ளியின் தரையில் நாம் பார்க்க முடிந்த கற்களுக்கு நடுவே, அந்தக் கற்களை மறைத்துவிடக்கூடியதாக இருந்த பொருளும் படத்தில் விழுந்திருக்கிறது.

மார்ச் 5 அன்று வெனரா 14. அதிலும் இரண்டு மூடிகளும் கழன்றன. ஆனால் இதையொட்டி ஒரு கதை வழங்குகிறது. தரையின் கெட்டித்தன்மையை அளப்பதற்காக ஒரு கை மடங்கி மண்ணில் இறங்க வேண்டும். கழன்று விழுந்த மூடி சரியாக அந்தக் கையின் கீழே போய்க் கிடந்ததாகவும், ஆகவே வெள்ளியின் மண்ணுக்குப் பதில் சோவியத் நாட்டு மூடியின் கெட்டித்தன்மையையே அது அளந்து அனுப்பியதாகவும் பல நூல்களில் எழுதியிருக்கிறார்கள். கதை இத்தனை கச்சிதமாக அமைந்திருப்பதாலேயே நாம் அதைச் சற்று எச்சரிக்கையோடு இங்கே பதிகிறோம். கையும் மூடியும் அருகருகே கிடப்பது படத்தில் தெரிகிறது என்பது மட்டும் உறுதி.

கணக்குப் பார்ப்போம். வெனரா 9 முதல் 14 வரை ஆறு கலங்கள்; கலத்துக்கு இரண்டாகப் பன்னிரண்டு கேமராக்கள்; பன்னிரண்டு மூடிகள். அவற்றில் திறந்தவை ஆறு. 1985இல் சென்ற வேகா கலங்கள் வெள்ளியின் இரவுப் பக்கத்தில் இறங்கியதால் அவற்றில் தரையைப் படமெடுக்கும் கேமராவே இல்லை. ஆகவே வெள்ளியின் தரையில் நின்று எடுத்த படங்கள் என்று மனித குலத்திடம் இருப்பவை அனைத்தும் அந்த ஆறு சாளரங்களின் வழியே வந்தவை.

செவ்வாய்க்குப் போனவர்கள் வேறொரு வழியைக் கைக்கொண்டார்கள். 2012 ஆகஸ்டில் இறங்கிய க்யூரியாசிட்டி ஊர்தியின் முதல் படங்கள் தூசிப் புள்ளிகளோடு மங்கலாகத் தெரிந்தன. காரணம், அவை ஒளி ஊடுருவும் மூடிகளின் வழியாகவே எடுக்கப்பட்டவை. மூடி திறக்காமல் போனாலும் ஏதோ கொஞ்சம் தெரியட்டும் என்கிற ஏற்பாடு. கற்களை அருகிலிருந்து பார்க்கும் அதன் கேமராவுக்கும் அப்படியொரு மூடி. அது இறங்கி ஒரு மாதத்துக்கு மேல் கழித்து, செப்டம்பர் 8 அன்றுதான் முதன்முறையாகத் திறக்கப்பட்டது. 2018 நவம்பரில் இறங்கிய இன்சைட் அனுப்பிய முதல் படமும் இப்படித் தூசி படிந்த மூடியின் வழியே வந்ததுதான். நம் நண்பர்களின் காப்புக் கண்ணாடிக் கட்சி இதைக் கேட்டால் மகிழ்ச்சி கொள்ளும்.

ஆயினும் வழக்கு முடிந்துவிடவில்லை. 2024 ஜனவரியில், பெர்சிவரன்ஸ் ஊர்தியிலுள்ள ஷெர்லாக் என்னும் கருவியின் இரண்டு தூசி மூடிகளில் ஒன்று பாதி திறந்த நிலையில் சிக்கிக்கொண்டது. லேசரைப் பயன்படுத்த முடியாமல் போயிற்று. மூடியைத் திறந்த நிலைக்குக் கொண்டுவந்து, அவ்வாண்டின் நடுப்பகுதியில் கருவியை மீண்டும் இயக்கினார்கள்.

இன்னொன்று அப்படித் தேறவில்லை. 2023 செப்டம்பரில் ஜப்பான் ஏவிய எக்ஸ்ரிஸம் என்னும் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியில், தனிச்சுழிக்கு வெகு அருகே 0.05 கெல்வினில் குளிர்ந்திருக்கும் உணரி ஒன்று உண்டு. ஏவுவதற்கு முன் அந்தக் குளிர்கலத்துக்குள் காற்று புகாமல் காப்பதற்காக ஒரு கதவு வைத்தார்கள். கதவில் கால் மில்லிமீட்டர் தடிப்பில் பெரிலியத்தாலான ஒரு சாளரம். வானில் ஏறிய பின் கதவு திறக்கவில்லை. திரும்பத் திரும்ப முயன்றும் பலிக்கவில்லை. மூடிய கதவோடே ஆய்வைத் தொடங்குவதென்று 2024இல் முடிவு செய்தார்கள். பெரிலியத்தை ஊடுருவ வல்ல வலுவான கதிர்களைக் கொண்டு அது அரிய நிறமாலைகளைத் தந்திருக்கிறது. 0.3 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டிலிருந்து பார்ப்பதற்காகக் கட்டப்பட்ட கருவி அது. ஏறத்தாழ 1.7க்குக் கீழே உள்ள மெல்லிய கதிர்கள், கோடிக்கணக்கான ஆண்டுகள் பயணம் செய்து வந்தவையும்கூட, அந்தக் கால் மில்லிமீட்டருக்கு வெளியே நின்றுவிடுகின்றன.