வாடகை வீட்டின் விளக்கும் நீரும்

வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் முடிமன்னர்களும் போர்க்களங்களுமே நம் மனக்கண்முன் நிற்கின்றன. ஆனால் ஒரு வாடகை வீட்டின் தண்ணீர்க் குழாய்க்கும் மின்விளக்குக்கும் வரலாறு உண்டு. வீட்டுக்காரர் சினங்கொண்டு அவற்றை நிறுத்திவிட்டால் குடியிருப்பவர் யாது செய்வது? இவ்வினாவுக்கு விடை காணச் சட்டம் எடுத்துக்கொண்ட காலம் சிறிதன்று.

வாடகையைச் சட்டம் கட்டுப்படுத்தத் தொடங்கியது போர்க்காலத்தில்தான். முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் கிளாஸ்கோ நகரத்தில் தொழிற்சாலைகள் பெருகின. தொழிலாளர் வந்து குவிந்தனர். வீட்டு வாடகை ஏறியது. 1915ஆம் ஆண்டு மேரி பார்பர் என்னும் பெண்மணியும் அவரோடு சேர்ந்த குடும்பத் தலைவியரும் உயர்த்திய வாடகையைக் கொடுக்க மறுத்து நின்றனர். அவ்வாண்டே பிரிட்டிஷ் பாராளுமன்றம் வாடகை உயர்வைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. 1918இல் பம்பாயிலும் போர்க்கால வாடகைச் சட்டம் ஒன்று பிறந்தது.

நம் சென்னை மாகாணத்திற்கு அந்நிலை இரண்டாம் உலகப் போரில் வந்தது. 1941இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. போர் ஓய்ந்த பின்னும் வீட்டுப் பஞ்சம் ஓயவில்லை. ஆதலால் 1946இல் ஒரு சட்டமும், 1949இல் அதனினும் விரிவான ஒரு சட்டமும் இயற்றப்பட்டன. நியாயமான வாடகையை அதிகாரி வரையறுக்கலாம். தக்க காரணமின்றிக் குடியிருப்பவரை வெளியேற்ற இயலாது. இவ்விரண்டும் இச்சட்டங்களின் உயிர்நாடி.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். வாடகையை உயர்த்த இயலாது, வெளியேற்றவும் இயலாது என்று சட்டம் முன்வாயிலை அடைத்தால், சிலருடைய கை பின்வாயிலைத் தேடும். கிணற்றடிக் கதவுக்குப் பூட்டு விழும்; மாடிப்படி விளக்கு அணையும்; குழாயில் நீர் நிற்கும். 'போ' என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆயினும் நீரில்லாத வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? இது சொல்லாமல் செய்யும் வெளியேற்றம். இதனை உணர்ந்தே சட்டம் அடுத்த படியை எடுத்து வைத்தது.

அந்தப் படியைக் காண நம் திருத்தணிக்கு வருவோம். 1911இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது இவ்வூர் அதில் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் தோன்றியபோது சித்தூரோடு இவ்வூரும் அங்கே போயிற்று. மங்கலங்கிழாரும் ம. பொ. சிவஞானமும் நடத்திய வடவெல்லைக் கிளர்ச்சியை நீங்கள் படித்திருப்பீர்கள். பட்டாஸ்கர் வழங்கிய பரிந்துரையை ஒட்டி 1959இல் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறியது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தை அடைந்தது.

அதே 1960இல் எல்லையின் இருபுறமும் புதிய வாடகைச் சட்டங்கள் எழுந்தன. ஆந்திரப் பிரதேசத்தில் அவ்வாண்டின் 15ஆம் சட்டம். சென்னை மாநிலத்தில் 18ஆம் சட்டம். மொழியால் பிரிந்த இரு மாநிலங்களும் குடியிருப்போர் குறையில் ஒரே வழியில் சென்றன. வீட்டு உரிமையாளர் குடியிருப்பவரின் வசதிகளில் குறுக்கிடலாகாது என்று இரண்டு சட்டங்களுமே விதித்தன. சென்னைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இதனைக் கூறிற்று. தக்க காரணமின்றி நீரையோ மின்சாரத்தையோ துண்டித்தால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் முறையிடலாம். விசாரணை முடியும்வரை காத்திராமல், வசதியை உடனே மீட்டுத்தருமாறு அவர் இடைக்கால ஆணை இடலாம். அச்சட்டம் சென்னை மாநகரத்திற்கும் நகராட்சிகளுக்கும் உரியதாயிருந்தது; ஏனைய ஊர்களுக்கு அரசின் அறிவிப்பால் விரிந்தது. 'உடனே' என்னும் அச்சொல்லின் அருமையை எண்ணிப் பாருங்கள். வழக்கு ஓராண்டு நடக்கலாம்; தாகம் ஒரு நாளும் பொறாது.

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. வாடகை பல ஆண்டுகள் ஒரே நிலையில் நின்றமையால், வாடகையையே நம்பி வாழ்ந்த உரிமையாளர் பலர் வருந்தினர். வீட்டைப் பழுதுபார்க்கவும் கைப்பொருள் இல்லை என்றனர். இருதரப்பு நியாயத்தையும் சீர்தூக்கும் நோக்கத்துடன் தமிழ்நாடு 2017இல் புதிய சட்டம் ஒன்றை இயற்றியது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறைக்கு வந்தது; 1960ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கியது. இப்போது வாடகை, இருவரும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. எனினும் பழைய சட்டத்தின் அந்த ஒரு கருத்து மட்டும் அழியவில்லை. இன்றியமையாச் சேவைகளை நிறுத்தலாகாது என்று புதிய சட்டமும் விதிக்கிறது. மீட்டுத்தர இடைக்கால ஆணை இடவும் வழிசெய்கிறது. பொய்யாக முறையிடுவோரையும் அது விட்டுவைக்கவில்லை.

உச்ச நீதிமன்றமும் இதற்கு வலிமை சேர்த்தது. உறைவிட உரிமை என்பது நான்கு சுவர்கள் மட்டுமன்று. நீர், மின்சாரம், துப்புரவு ஆகியவையும் அதில் அடங்கும் என்னும் கருத்தை 1995இல் சமேலி சிங் வழக்கில் கூறிற்று. வீட்டுக்காரர் இசைவுச் சீட்டுத் தரவில்லை என்பதற்காகக் குடியிருப்பவருக்கு மின் இணைப்பை மறுக்கலாகாது என்று 2022இல் திலீப் வழக்கில் தெளிவுபடுத்திற்று. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டமும், உரிமையாளர் கேட்டாலும் குடியிருப்பவர் கேட்டாலும் மின்சாரம் வழங்கவேண்டும் என்கிறது. கட்டணம் செலுத்தாமையால் இணைப்பைத் துண்டிப்பதாயினும், பதினைந்து நாட்களுக்குக் குறையாத எழுத்து அறிவிப்பு வேண்டும்.

இனி, விளக்கு அணைந்துவிட்ட வீட்டில் இருப்பவர் செய்யவேண்டியன எவை? முதலில், நிறுத்தியவர் யார் என்று அறிய வேண்டும். கட்டண நிலுவைக்காக மின் அலுவலகம் நிறுத்தியிருந்தால் அங்கே சென்று கேட்க வேண்டும். வீட்டுக்காரர் நிறுத்தியிருந்தால் வழி வேறு. அடுத்து, நாளையும் நேரத்தையும் குறித்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவித்து, படி ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். கோபத்தால் வாடகையை நிறுத்தலாகாது. நிறுத்தினால் குற்றம் நம் பக்கம் சாயும். தாமே கம்பியை இணைப்பது உயிருக்கும் ஆபத்து, சட்டத்துக்கும் புறம்பு. பின்னர், சட்டம் அமைத்துள்ள வாடகை அதிகார அமைப்பிடம் ஒப்பந்தம், வாடகைச் சீட்டு, மின் கட்டணச் சீட்டு ஆகியவற்றுடன் முறையிட்டு, இடைக்கால ஆணையைக் கேட்க வேண்டும்.

இவை அனைத்துக்கும் கையில் காகிதம் வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், பதிவு செய்யப்படவும் வேண்டும் என்கிறது புதிய சட்டம். நம் திருத்தணி போன்ற சிற்றூர்களில் 'வாய்ச்சொல்லே போதும்' என்று குடிபுகும் வழக்கம் இன்னும் உண்டு. நல்ல மனிதர்களிடையே அது அழகான வழக்கமே. ஆனால் மனம் மாறும் நாளில் வாய்ச்சொல் சாட்சிக்கு வருவதில்லை. எழுதப் படிக்கக் கற்ற இளைஞர்களாகிய நீங்கள், உங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் எளியவர் ஒருவருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தால், நூறாண்டு வரலாறு அவர் வீட்டு விளக்கில் ஒளிவிடும்.