வ.உ.சி. வழக்கும் லண்டன் கட்சிகளும்

வ.உ.சி.யை ஜெயிலில் போட்டபோது இங்கிலாந்தில் எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தது? நம்ம திருநெல்வேலிக்காரங்களே அதிகம் யோசிக்காத கேள்வி இது. பதில்: லிபரல் கட்சி. அதாவது, இந்தியர்களுக்கு நல்லது செய்யும்னு காங்கிரஸ் மிதவாதிகள் நம்பியிருந்த கட்சி!

அவங்க நம்பினதுக்குக் காரணம் இருந்தது. கன்சர்வேடிவ் கட்சி அனுப்பிய லிட்டன் பிரபு 1878-ல் இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டு போட்டார். லிபரல்கள் அனுப்பிய ரிப்பன் பிரபு 1882-ல் அதை எடுத்தார். 1905 டிசம்பரில் லிபரல்கள் மறுபடி ஆட்சிக்கு வந்தாங்க. இந்தியாவுக்குப் பொறுப்பான மந்திரி ஜான் மார்லி. அயர்லாந்துக்குச் சுயாட்சி வேணும்னு பல வருஷம் வாதாடிய மனுஷர். அப்போ நமக்கும் ஏதாவது கிடைக்கும்தானே?

கிடைத்தது என்னன்னு பாருங்க. 1908 மார்ச் 12-ல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளிச்சது. முனிசிபல் ஆபீஸ் எரிந்தது, போலீஸ் சுட்டதில் நாலு பேர் செத்தாங்க. ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே, வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார். இந்தத் தண்டனையைப் பார்த்து மார்லிக்கே பொறுக்கலை. இதை ஆதரிக்க முடியாதுன்னு வைசிராய் மிண்டோவுக்கு எழுதினார். ஐகோர்ட்டும் பிறகு தண்டனையைக் குறைச்சது. ஆனால் விடுதலை? ஊஹூம். கோவை ஜெயிலில் செக்கிழுக்க வேண்டியிருந்தது.

அதே டிசம்பரில் மார்லி பிரபுக்கள் சபையில் பேசினார். இந்தியாவுக்குப் பார்லிமெண்ட் முறை கொண்டு வருவது தன் நோக்கமே இல்லைன்னு தெளிவா சொல்லிட்டார். அயர்லாந்துக்கு ஒரு நியாயம், இந்தியாவுக்கு இன்னொரு நியாயம். ஒரே கட்சி, ஒரே ஆள்!

ஏன் இப்படி? என் கணக்கு ரொம்ப எளிசு. லண்டன் பார்லிமெண்டில் அயர்லாந்து தேசியவாதிகளுக்குக் கிட்டத்தட்ட 80 எம்.பி.க்கள் இருந்தாங்க. 1910-ல் நடந்த ரெண்டு தேர்தலிலும் லிபரல்களும் கன்சர்வேடிவ்களும் ஏறக்குறைய சமமா வந்தாங்க. ஐரிஷ்காரங்க தயவு இல்லாமல் லிபரல் ஆட்சி ஓடாது. உடனே சுயாட்சி மசோதாவுக்கு உயிர் வந்தது. 1912 ஏப்ரலில் சபைக்கும் வந்தது. (1914-ல் சட்டமாகி, உலகப் போரால் கிடப்பில் போனது தனிக்கதை.)

திருநெல்வேலிக்கு அங்கே ஒரு சீட் கூடக் கிடையாது. 1892-ல் தாதாபாய் நவுரோஜி லிபரல் எம்.பி. ஆனார், உண்மைதான். ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்தது லண்டன் ஃபின்ஸ்பரி வாக்காளர்கள், நம்ம ஜனங்க இல்லை.

இதனால்தான் 1907 சூரத் காங்கிரஸில் வ.உ.சி. திலகர் பக்கம் நின்றது எனக்கு வெறும் ஆவேசமா தெரியலை. அங்கே எந்தக் கட்சி நல்ல கட்சின்னு ஆராய்வதைவிட, இங்கே கப்பல் விட்டு, மில் தொழிலாளர்களைத் திரட்டுவது மேல்னு அவர் நினைச்சிருக்கார். ஓட்டு இல்லாதவன் கையில் வேறென்ன இருக்கு, சொல்லுங்க?

அயர்லாந்து மசோதா வந்த அதே 1912-ன் டிசம்பரில்தான் வ.உ.சி. கண்ணூர் ஜெயிலிலிருந்து வெளியே வந்தார். அப்போது அவருடைய கப்பல் கம்பெனி இல்லை. லண்டனில் லிபரல் ஆட்சி அப்படியே இருந்தது.