கட்டுநாயக்கவில் இறங்கிய பெருவிமானங்கள்

1979இல் ஏர் லங்கா கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து இரண்டு போயிங் 707களோடு பறக்கத் தொடங்கியது. நீளம் ஏறக்குறைய 46 மீட்டர்.

1984இல் ஜம்போ வந்தது. 70 மீட்டர் நீளம், 60 மீட்டர் இறக்கை அகலம் கொண்ட அந்த 747, சின்ன நிறுவனத்துக்குக் கொஞ்சம் அதிகம்தான். சில ஆண்டுகளிலேயே விடைபெற்றது.

ஓடுபாதையைப் புதுப்பித்தபின், 2017 ஆகஸ்டில் எமிரேட்ஸின் ஏ380 வந்திறங்கியது. நீளத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்: பழைய ஜம்போவைவிட இரண்டு மீட்டர்தான் கூடுதல். 76 மீட்டர் நீளமுள்ள 747-8 அதையும் மிஞ்சும். ஆனால் ஏ380இன் இறக்கை அகலம் 80 மீட்டர். பயணிகள் தளமோ முழுநீளத்துக்கு இரண்டு. விமான நிலையங்களுக்குத் தலைவலி அந்த இறக்கைதான். 65 மீட்டரைத் தாண்டினால் விமானம் சர்வதேச வகைப்பாட்டில் அடுத்த படிக்கு ஏறிவிடும். நிறுத்துமிடமும் அதற்கேற்ப விரிய வேண்டும்.