கர்நாடக இசைத்தட்டு உறைகள்

கர்நாடக இசைத்தட்டுகள், ஒலிநாடாக்கள் ஆகியவற்றின் மேலுறைகள் பார்வைக்கு அழகற்றவை என்று ரசிகர்கள் கேலி செய்வதுண்டு. கண்ணைப் பறிக்கும் நீலப் பின்னணி, கத்தரித்து ஒட்டிய முகம், ஒன்றோடொன்று பொருந்தாத எழுத்துருக்கள் ஆகியவற்றைப் பார்த்தால் கேலி நியாயமானதே. ஆனால் பெரிய குறை அழகு சார்ந்தது அல்ல. வாசித்தவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று சொல்லவேண்டிய இடத்தில் பல உறைகள் எதையும் சொல்லவில்லை. கர்நாடக இசை வரலாற்றை எழுத முற்படுவோருக்கு அதுவே இழப்பு.

உறைக்கு முந்தைய காலம்

1902-ல் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் முதல் ஒலிப்பதிவுகளைச் செய்தபோது மூலத்தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவருக்கு அனுப்பப்பட்டு அங்கேயே அச்சாயின. பாடியவர் யார் என்பது அங்குள்ள பணியாளர்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக, பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் தன் பெயரை ஆங்கிலத்தில் அறிவித்தார். தகவல் ஒலியிலேயே அடங்கியிருந்ததால் அது தட்டை விட்டுப் பிரிய வழியில்லை. பிற்கால உறைகள் எதற்கும் இந்த உறுதி இல்லை.

78 சுழற்சித் தட்டுகளுக்கு நடுவில் வட்டத் துளையிட்ட காகித உறையே இருந்தது. துளை வழியாகத் தட்டின் லேபிளைப் படிக்கலாம். உறையில் அச்சிட்டிருந்தது பெரும்பாலும் கம்பெனி அல்லது கடையின் விளம்பரம். உறை வணிகருடையது, இசைக்கலைஞருடையது அல்ல. இசைக்கேற்ற ஓவியத்தை உறையில் அச்சிடும் வழக்கத்தை அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் 1940 வாக்கில் தொடங்கிவைத்தார். 1948-ல் வந்த எல்.பி. தட்டுக்கு 12 அங்குலச் சதுர அட்டை தேவைப்பட்டது. உறை ஓவியத்துக்கு அது பெரிய இடமாக அமைந்தது.

எல்.பி. உறைகள்

எச்.எம்.வி. வெளியிட்ட கர்நாடக எல்.பி.க்களில் ஒரு வாய்பாடு தெரியும். பாடகரின் முகம், அல்லது தம்புரா, அல்லது கோபுரம். பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்தில். மூலையில் நாய்ச் சின்னமும் பதிவெண்ணும். பதிவெண்ணின் முன்னெழுத்து இ.சி.எல்.பி. என்றால் மோனோ, இ.சி.எஸ்.டி. என்றால் ஸ்டீரியோ. பின்பக்கத்தில் கலைஞரைப் புகழும் ஆங்கிலக் குறிப்பு, உருப்படிகள், ராகம், தாளம். பக்கவாத்தியக்காரர்களுக்குப் பல தட்டுகளில் ஒரே வரிதான். பதிவு செய்த நாளும் இடமும் அச்சிடப்படுவது அரிது. குறிப்பு எழுதியவர் புகழுரைக்குச் செலவிட்ட இடத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

1968-ல் அமெரிக்காவின் நான்சச் நிறுவனம் ராம்நாடு கிருஷ்ணனின் 'வித்வான்' தட்டை வெளியிட்டது. வயலின் வி. தியாகராஜன், மிருதங்கம் டி. ரங்கநாதன், கஞ்சிரா வி. நாகராஜன் என்ற விவரம் அதிலிருந்து இன்றும் கிடைக்கிறது. கர்நாடக இசையை முதன்முறையாகக் கேட்கும் அந்நியருக்கு எல்லாவற்றையும் விளக்கியாக வேண்டியிருந்தது. உள்ளூர் ரசிகருக்கு எல்லாம் தெரியும் என்று இங்குள்ள கம்பெனிகள் கருதியிருக்க வேண்டும். அந்த ரசிகரின் பேரனுக்குத் தெரியாது. மேலைநாட்டு உறைகள் எல்லாம் சிறந்தவை என்பதும் இல்லை. 1970-களின் வெஸ்ட்மின்ஸ்டர் கோல்டு வரிசை, செவ்வியல் இசைக்கு அசட்டு நகைச்சுவைப் படங்களைப் போட்டதற்காகவே நினைவுகூரப்படுகிறது.

கேசட்டும் மங்கள இசையும்

1980-களில் கேசட் பரவியபோது உறையின் முகப்பு உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கியது. அந்த இடத்தைக் காலண்டர் பாணிச் சாமி படங்கள் பிடித்துக்கொண்டன. தெய்வம் முன்னே நிற்க, பாடியவர் ஓரத்துக்குப் போனார்.

இதில் அதிகம் இழந்தது நாதஸ்வரம். குத்துவிளக்கு, வாழைமரம், தேங்காய், குறுக்கே ஒரு நாதஸ்வரம், மேலே 'மங்கள இசை' என்ற தலைப்பு. இப்படி வந்த கேசட்டுகள் கல்யாண வீடுகளில் ஓயாமல் ஒலித்தன. வாங்கியவர் கேட்டது முகூர்த்தத்துக்கான ஒலி, வித்வானை அல்ல. தவில்காரர் பெயரோ அதற்கும் பின்னே. ஆந்திரத்தில் கரவதியில் 1924-ல் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் குடியேறி, 1982-ல் அங்கே சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமத்தை நிறுவி, 1998-ல் சங்கீத கலாநிதி விருது பெற்ற ஷேக் சின்ன மௌலானா வாழ்ந்த காலம் இது. ராக ஆலாபனையை இத்தனை விரிவாக வாசித்த தலைமுறையின் கருவி, கடை அலமாரியில் கல்யாணச் சாமான்களில் ஒன்றானது.

இதே காலத்தில் வானொலி வேறு மரபைக் காத்தது. 1939 மே 16 அன்று தொடங்கிய திருச்சி நிலையம் உட்பட, அகில இந்திய வானொலியின் கச்சேரி ஒலிபரப்புகளில் பக்கவாத்தியக்காரர்களின் பெயர்களும் அறிவிக்கப்படும். காற்றில் சொல்லப்பட்ட அந்த விவரம் அச்சிட்ட அட்டைகள் பலவற்றில் இல்லை.

காலம் கணித்தல்

ஆண்டு அச்சிடாத உறைகளின் காலத்தைப் பிற தடயங்களைக் கொண்டே ஊகிக்க வேண்டும். முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அந்த அச்சு 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. ஆங்கிலத்திலும் 'சென்னை' என்றே இருந்தால் பெரும்பாலும் 1996-க்குப் பிந்தையது. 'சரிகம' என்ற நிறுவனப் பெயர் இருந்தால் 2000 அல்லது அதற்குப் பின்.

ஸ்ரீரங்கமும் ஒரு தடயம் தருகிறது. தெற்கு ராஜகோபுரம் நூற்றாண்டுகளாக மொட்டைக் கோபுரமாகவே நின்றது. 13 நிலைகளும் 236 அடி உயரமும் கொண்டதாக நிறைவுற்று 1987 மார்ச்சில் குடமுழுக்கு கண்டது. முழுக் கோபுரத்தின் புகைப்படம் உறையில் இருந்தால் அந்த உறை அதற்கு முன் அச்சாகியிருக்க முடியாது. எனினும் இது உறையின் வயதுதான், ஒலியின் வயதல்ல. எல்.பி.யாக வந்த பதிவு கேசட்டாகவும் பிறகு குறுந்தகடாகவும் மாறும்போது புதிய படம் ஏறும். பழைய அட்டையின் பின்பக்கத்தில் இருந்த ஒரு வரி பக்கவாத்தியக் குறிப்பு அந்த மாற்றத்தில் விடுபட்டுப்போக, அதே கச்சேரி வயலினும் மிருதங்கமும் யாருடையவை என்று தெரியாமல் மறுபடி விற்பனைக்கு வரும்.