சத்யம் சொன்ன பொய்

வரலாறு என்றால் அரசர்களும் போர்களும் மட்டும்தானா? கணக்குப் புத்தகத்துக்கும் வரலாறு உண்டு. வணிகவியல் படித்து, தணிக்கைத் தொழிலிலேயே தலை நரைத்தவன் நான். இந்த மலரைப் புரட்டும் பழைய நண்பர்களுக்கும், இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் தம்பி தங்கையருக்கும் அதில் ஒரு பக்கத்தைச் சொல்ல ஆசை.

1987-ல் ஐதராபாத்தில் ராமலிங்க ராஜு தொடங்கியது சத்யம் கம்ப்யூட்டர்ஸ். 2001-ல் நியூயார்க் பங்குச் சந்தையிலும் இடம் பிடித்தது. ஐம்பதாயிரம் ஊழியர்கள் வரை வளர்ந்தது. சிறந்த நிர்வாகத்துக்கான 'கோல்டன் பீகாக்' விருதுகூட 2008-ல் கிடைத்தது!

அதே ஆண்டு டிசம்பர் 16. மேய்டாஸ் என்ற பெயர் கொண்ட இரண்டு கம்பெனிகளைச் சத்யம் 160 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக அறிவிப்பு வந்தது. இரண்டும் ராஜு குடும்பத்தாருடையவை. சத்யம் என்பதன் ஆங்கில எழுத்துக்களைத் தலைகீழாகப் படித்தால் மேய்டாஸ்! சத்யத்தில் அந்தக் குடும்பத்தின் பங்கோ பத்து சதவீதம்கூடக் கிடையாது. ஊரார் பணத்தில் தன் வீட்டுச் சொத்தைத் தானே வாங்கிக் கொள்வதா என்று முதலீட்டாளர்கள் கொதித்தார்கள். சில மணி நேரத்தில் அறிவிப்பு வாபஸ். பெரிய பேராசிரியர்கள் இருந்த இயக்குநர் குழு சரி என்று தலையாட்டியதைத் தடுத்தது, பங்குதாரர்கள் கேட்ட கேள்விதான்.

மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7 அன்று, ராஜுவின் கடிதம் வெளியானது. ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை. முந்தைய செப்டம்பர் காலாண்டுக்கு 649 கோடி என்று காட்டிய லாபம், உண்மையில் 61 கோடி. மேய்டாஸை வாங்க நினைத்ததே இந்த ஓட்டையை நிஜச் சொத்தால் அடைக்கத்தானாம். அன்று ஒரே நாளில் பங்கு விலை முக்கால்வாசிக்கு மேல் சரிந்தது.

தான் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை என்று எழுதினார் ராஜு. ஆனால், பொய்க் கணக்கால் உப்பிய விலையில் பங்குகளை விற்றும் அடகு வைத்தும் லாபம் பார்த்தார்கள் என்று 2014-ல் செபி முடிவு சொன்னது.

இத்தனை பெரிய பொய் எப்படிங்க நின்றது? ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட போலி பில்கள். சரி, வங்கி இருப்பு? அதைச் சரிபார்க்கும் முறை பி.காம். தணிக்கைப் பாடத்திலேயே இருக்கிறது. தணிக்கையாளர் தாமே வங்கிக்கு எழுதி, பதிலை நேராகத் தம் கைக்கு வரவழைக்க வேண்டும். பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய நிறுவனங்கள் அந்த வேலையைக் கம்பெனிக்காரர்களிடமே விட்டுவிட்டதாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2011-ல் கண்டறிந்து, 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்த கதைதான்!

அரசு புதிய இயக்குநர்களை நியமித்தது. 2009 ஏப்ரலில் டெக் மஹிந்திரா ஏலத்தில் வென்றது. ஊழியர்களின் பிழைப்பு தப்பியது. 2015 ஏப்ரலில் ராஜு உட்படப் பத்துப் பேர் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஏழாண்டு சிறை விதித்தது. அடுத்த மாதமே மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. இதற்கிடையில் 2013-ன் கம்பெனிச் சட்டம், தணிக்கையாளர்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் மாற்ற வேண்டும் என்றது. பங்குதாரர்கள் கூட்டாக வழக்காடவும் வழி செய்தது.

சட்டம் வந்தது நல்லதுதான். ஆனால் சட்டமா போய் வங்கிக்குக் கடிதம் எழுதும்? நாளைக்கு ஆர்டிகிள்ஷிப் சேரும் நம் கல்லூரிப் பிள்ளைதான் எழுத வேண்டும். "கம்பெனியே பேப்பர் கொடுத்திருக்காங்களே, டிக் போடுப்பா" என்று யாராவது சொல்வார்கள். அப்போது, "பேங்க்ல இருந்து நேரா வரட்டும் சார்" என்று பணிவாகச் சொல்லுங்கள். முகம் தெரியாத யாரோ ஒரு ஓய்வூதியக்காரரின் சேமிப்பு அந்த ஒரு வார்த்தையில் பிழைக்கும். அதுவே நம் கல்லூரிக்கு நீங்கள் சேர்க்கும் பெருமை.