அடிபந்தாட்டத்தில் தள ஓட்ட உத்திகளின் வரலாறு

அடிபந்தாட்டத்தில் (பேஸ்பால்) தளங்களில் நிற்கும் ஓட்டக்காரர்களை, பெரிய அடிக்காகக் காத்திராமல், அடுத்த தளத்துக்கு நகர்த்தும் முறைகளே தள ஓட்ட உத்திகள் ஆகும். ஒரு சுற்றில் மூவர் ஆட்டமிழந்தால் அணியின் வாய்ப்பு முடிந்துவிடும். எனவே ஒரு தளத்தைப் பெறுவதற்காக ஓர் ஆட்டமிழப்பைப் பணயம் வைக்கலாமா என்பதே இவற்றின் அடிப்படைக் கேள்வி.

முக்கிய உத்திகள்

பந்தை மட்டையால் மெதுவாகத் தட்டி, தான் ஆட்டமிழந்து ஓட்டக்காரரை முன்னேற்றுவது தியாகத் தட்டல் (சாக்ரிஃபைஸ் பன்ட்). மூன்றாம் தளத்தில் நிற்பவர் ஓடிவந்து ஓட்டம் எடுப்பதற்காகத் தட்டுவது ஸ்குவீஸ். பந்து வீசப்படும்போதே ஓட்டக்காரர் ஓடத் தொடங்க, மட்டையாளர் எப்படியும் பந்தை அடிக்க முயல்வது ஹிட் அண்ட் ரன். அடியின் உதவியின்றி அடுத்த தளத்தை அடைவது தளத் திருட்டு. ஜப்பானில் தியாகத் தட்டலுக்குத் தனி மதிப்பு உண்டு. யோமியுரி ஜயன்ட்ஸ் அணியில் ஆடிய மசஹிரோ கவாய் 533 தியாகத் தட்டல்களுடன் ஓய்வு பெற்றார்.

தோற்றமும் தேய்வும்

நெட் ஹான்லன் பயிற்றுவித்த பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி இவ்வுத்திகளைத் திட்டமிட்டுக் கையாண்டது. ஜான் மெக்ரா, வில்லி கீலர் போன்றோர் ஆடிய அந்த அணி 1894 முதல் 1896 வரை தொடர்ந்து மூன்று முறை நேஷனல் லீக் பட்டம் வென்றது. 1920இல் பேப் ரூத் 54 ஹோம் ரன்களை அடித்தார். ஒரே அடியில் எல்லா ஓட்டக்காரர்களையும் ஓட்டம் எடுக்கவைக்க முடிந்ததால், தளத் திருட்டுக்காக ஆட்டமிழக்கும் ஆபத்தை அணிகள் தவிர்க்கத் தொடங்கின.

கறுப்பின வீரர்களின் பங்கு

அதே 1920இல், மேஜர் லீக்கில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பின வீரர்களுக்காக ரூப் ஃபாஸ்டர் நீக்ரோ நேஷனல் லீக்கை நிறுவினார். அவருடைய சிகாகோ அமெரிக்கன் ஜயன்ட்ஸ் அணி தட்டலையும் வேகத்தையும் நம்பி ஆடியது. மேஜர் லீக்கில் மங்கிய கலை இங்கே உயிரோடு இருந்தது.

1945இல் கன்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் என்ற கறுப்பின அணியில் ஆடிய ஜாக்கி ராபின்சன், 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் களமிறங்கி மேஜர் லீக்கின் நிறத்தடையை உடைத்தார். அப்பருவத்தில் 29 தளங்களைத் திருடி நேஷனல் லீக்கில் முதலிடம் பெற்றார். 1955 செப்டம்பர் 28 அன்று, உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் 4-6 எனப் பின்தங்கியிருந்தபோது, 36 வயதான அவர் மூன்றாம் தளத்திலிருந்து ஓடி ஹோம் பிளேட்டைத் திருடினார். அந்த ஆட்டத்தில் யாங்கீஸ் 6-5 என வென்றது. ஆனால் தொடரை டாட்ஜர்ஸ் கைப்பற்றியது. அதுவே புரூக்ளின் அணியின் முதல் உலகத் தொடர் வெற்றி.

மீள்வரவு

2023இல் மேஜர் லீக் தளங்களின் அகலத்தை 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக்கியது. ஓட்டக்காரரைத் தடுக்க வீசுநர் தளத்தை நோக்கிப் பந்தெறியும் முயற்சிகளுக்கும் வரம்பு விதித்தது. 2022இல் 2,486 ஆக இருந்த தளத் திருட்டுகள் 2023இல் 3,503 ஆக உயர்ந்தன. பணயத்தின் ஆபத்து குறைந்ததும் ஓட்டக்காரர்கள் மீண்டும் ஓடத் தொடங்கினர்.